தேள்கடிக்கு ஐந்நூறு இலைச் சாம்பார்

செம்பாறையில் தேளுக்குப் பஞ்சமில்லை. கல்லைப் புரட்டினால் தேள், விறகை உருவினால் தேள், மழை பெய்த மறுநாள் செருப்புக்குள்ளே தேள். அந்த ஊர்க்காரர்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்து வாசலில் நின்று செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் காலில் போடுவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்கள் செம்பாறைக்கு வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

பாறையின் அடியில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரம், யானை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, முன்னால் ஒரு ஓலைப் பந்தல், அவ்வளவுதான். அங்கே இருந்தவர் பாறையம்மா. வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஞானம் கேட்டு வந்தவர்கள் கொஞ்சம். கடிபட்டு வந்தவர்களே அதிகம்.

அவருடைய சீடர் தவசிமுத்து. வயது அறுபத்துநான்கு. குருவைவிட இருபத்துமூன்று வயது மூத்தவர். இவர் அவரை "அம்மா" என்பார். அவர் இவரை "அண்ணாச்சி" என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று குழம்பி, தொப்பையைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி காலில் விழுவார்கள். அவர் பதறி விலகுவார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கொஞ்சம் தாமதித்துத்தான் விலகுவார்.

நாற்பது வருஷம் கல்யாண வீடுகளில் சமைத்தவர் அவர். ஆயிரக்கணக்கான பந்தி பார்த்த கரண்டி. ஆனால் ஊர் அவரை ஞாபகம் வைத்திருந்தது ஒரே ஒரு கல்யாணத்தை வைத்துத்தான். அன்றைக்கு அவியலில் உப்புக் கூடிவிட்டது. "எந்தத் தவசிமுத்து? உப்பள்ளிக் கொட்டுனவரா?" என்றுதான் கேட்பார்கள். மனுஷனுக்கு அது உள்ளுக்குள்ளே முள்ளாகக் கிடந்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது யாராவது தன்னை மனசாரச் "சாமி" என்று கூப்பிட வேண்டும் என்று ஏங்கினார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் விறகு அடுக்குக்குள் கையை விட்டார். தேள் கொட்டியது. அலறிக்கொண்டு வந்தவரை மடத்துப் பந்தலில் உட்கார வைத்தார்கள். பாறையம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, உதடு மட்டும் அசைய என்னவோ முணுமுணுத்தார். மதியம் ஆவதற்குள் வலி இறங்கிவிட்டது.

அந்த இடத்திலேயே காலில் விழுந்தார் தவசிமுத்து.

"அம்மா, அந்த மந்திரத்தை எனக்குச் சொல்லித் தாங்க."

"மொதல்ல கஞ்சியக் குடிங்க அண்ணாச்சி."

குடித்தார். கஞ்சி சகிக்கவில்லை. மறுநாளிலிருந்து மடத்துச் சமையல் அவர் கைக்கு வந்தது. மந்திரம்தான் வரவில்லை.

ஒன்பது வருஷமும் அவர் பார்த்தது அம்மாவின் உதட்டை மட்டும்தான். கடிபட்டவர் யார் வந்தாலும் சரி, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, நாலடி தள்ளி உட்கார்ந்து, உதட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டார். சத்தம் துளியும் வெளியே வராது. எந்த எழுத்துக்கு உதடு குவிகிறது, எதற்கு விரிகிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கூட வைத்திருந்தார். நோட்டு நிறைந்ததுதான் மிச்சம்.

வந்தவர் போனதும் கேட்பார்.

"அம்மா, எனக்கு எப்ப?"

"இப்ப வந்துட்டுப் போனாரே, அவருக்கு எந்தக் கையில கடி?"

"அது... கவனிக்கலையே."

"சரி, இருக்கட்டும். அடுப்புல என்னமோ தீயுது பாருங்க."

இன்னொரு நாள் அம்மாவே கேட்டார்.

"வந்த பொம்பளைக்கு உள்ளங்கை எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

தவசிமுத்துவுக்குப் புல்லரித்துவிட்டது. உள்ளங்கை! இதில் ஏதோ பெரிய தத்துவம் இருக்கிறது என்று ஒரு மாதம் பாறை மேல் ஏறி உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து பிடித்துக்கொண்டதே தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை.

ஊரில் இந்த மந்திரத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பேச்சு. தேளுக்கு நீளமான மந்திரம், பூரானுக்குக் கொஞ்சம் குட்டை, குளவிக்கு வேறே என்பார்கள். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி மேலே விழுந்து, உடம்பெல்லாம் தடித்து அரிப்போடு வருகிறவர்களுக்கு மந்திரமே கிடையாது. சொறியாதே என்று ஒரு அதட்டல். அப்புறம் பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டிப் பிய்த்து முடியை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி அனுப்பிவிடுவார். 'கம்பளிப்பூச்சி மந்திரத்துக்குக் கட்டுப்படாத சாதி' என்று தவசிமுத்து நோட்டில் எழுதினார்.

ஒரு தடவை, தேங்காய் பறிக்க ஏறினவரைக் குளவி கொட்டிவிட்டது. அம்மா கையைப் பிடித்து உதட்டை அசைக்கத் தொடங்கினார். அந்த ஆளின் உதடு பொங்கி, குரல் கம்மியது. அம்மா சட்டென்று முணுமுணுப்பை நிறுத்தினார். "ஏய், சூளை டெம்போவ எடுங்கடா!" என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், பாறையே எதிரொலித்தது. ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துவிட்டார்.

'குளவி மந்திரம் பாதியில் நிறுத்த வேண்டிய மந்திரம்' என்று தவசிமுத்து அதையும் எழுதி வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது வருஷம் சித்திரையில் அம்மாவின் தம்பி மனைவிக்கு வளைகாப்பு வந்தது. மூன்று நாள் பயணம்.

"யாராச்சும் கடிபட்டு வந்தா கையப் பிடிச்சு உக்கார வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

"மந்திரம்?"

"வந்து பேசிக்கிடலாம்."

பையைத் தூக்கிக்கொண்டு அம்மா பஸ் ஏறிவிட்டார். தவசிமுத்து, மூன்று நாளைக்கு ஒரு தேளும் ஒருத்தரையும் தொடக் கூடாது என்று பாறையைப் பார்த்துக் கும்பிட்டார்.

தேள் அதையெல்லாம் கேட்குமா? அன்றைக்குப் பத்து மணிக்கே ஒரு ஆள் வந்துவிட்டார். செங்கல் சூளையில் வேலை பார்க்கிற மாடக்கண்ணு. கையை உதறிக்கொண்டு, ஆத்தா அப்பா என்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"கருந்தேளு, இம்மாம் பெருசு! அம்மா எங்க?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"சரி, நீங்க மந்திரிங்க. ஒன்பது வருஷமாக் கூடவேதான இருக்கீங்க?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ரெண்டே சொல். ஆனால் ஒன்பது வருஷம் குருவோடு இருந்தும் ஒன்றும் தெரியாது என்று ஒரு சூளைக்காரரிடம் சொல்ல அந்த வாய் வரவில்லை. கௌரவம் பிடித்து இழுத்தது.

உட்கார்ந்தார். அம்மா பிடிக்கிற மாதிரியே கையைப் பிடித்தார். கண்ணைப் பாதி மூடினார். உதட்டை அசைக்க வேண்டுமே, எதைச் சொல்வது? தேவாரம் தெரியாது. சுலோகம் தெரியாது. நாற்பது வருஷத்தில் அவருக்கு மனப்பாடமானது ஒன்றே ஒன்றுதான்.

'ஐந்நூறு இலைக்குத் துவரம்பருப்பு பதினாறு கிலோ, மஞ்சத்தூள் நூறு கிராம், சின்ன வெங்காயம் பத்து கிலோ, முருங்கைக்காய் நூத்தம்பது, தக்காளி எட்டு, புளி மூணரை...'

பெருங்காயம் போட்டு, கடுகு தாளித்து, மல்லித்தழை தூவி இறக்குவதற்குள் அரை மணி ஆகிவிட்டது. கூடச் சேர்ந்து கத்த ஆளில்லாததால் மாடக்கண்ணுவும் அடங்கினார். இன்னும் அரை மணி போனதும் வலி பாதியாகிவிட்டது என்றார்.

"சாமி," என்றார் மாடக்கண்ணு, கையெடுத்துக் கும்பிட்டு. "அம்மாவை விட உங்க கை ராசியான கை."

சாமி!

தவசிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயந்திரம் நடையே மாறிப்போனது. தோளில் போட்ட துண்டை எடுத்துப் பந்தலைத் தட்டிவிட்டு, அம்மா உட்காரும் பலகையை எடுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து பார்த்தார். சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணின் காலில் பூரான் கடித்துவிட்டது. பூரானுக்குச் சாம்பார் வேண்டாம், அவியல் போதும் என்று சாமியே முடிவெடுத்தார். கொஞ்சம் உப்புக் குறைத்தே சொன்னார். அதுவும் பலித்தது. ஊரில் பேச்சு பரவியது. சும்மா தலைவலிக்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள், உச்சி வெயில். பந்தலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சூளையில் கல் சுமக்கிற பேச்சித்தாயை அவள் புருஷன் இசக்கிப்பாண்டி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான்.

"கல்லைத் தூக்கையில விரல்ல கொட்டிருச்சு சாமி. சின்னதுதான். செவப்பா, என் சுண்டுவிரல் அளவுகூட இல்ல."

சின்னத் தேள். அப்படியானால் எதற்கு ஐந்நூறு இலை? நூறு இலைக்குப் போதும் என்று சாமி கணக்குப் பண்ணிவிட்டார். பலகையில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, கண்ணைப் பாதி மூடினார்.

'நூறு இலைக்குத் துவரம்பருப்பு மூணேகால் கிலோ...'

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அம்புட்டா இல்ல," என்றாள் பேச்சித்தாய்.

"பாத்தீங்களா!" என்றார் பந்தலில் இருந்த ஒருவர். "ஆரம்பிக்கும்போதே இறங்குது."

சாமி வெங்காயத்துக்கு வந்தார். அவர் பிடித்திருந்த கை நனைந்திருந்தது. வெயிலுக்கு வேர்க்கத்தான் செய்யும். முருங்கைக்காய் முப்பது. கையில் வேர்வை வடிந்து அவர் மணிக்கட்டில் இறங்கியது. தக்காளி. தக்காளி எத்தனை கிலோ என்பது மறந்துபோனது. நாற்பது வருஷத்தில் மறக்காத தக்காளி.

கண்ணைத் திறந்தார்.

பாறை கொதிக்கிற வெயில். பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் உடம்பு அடுப்பாக இருந்தது. பேச்சித்தாயின் கை மட்டும் பானைத் தண்ணீராய் ஜில்லென்று இருந்தது. தவசிமுத்துவின் விரல்கள் நாற்பது வருஷம் சூடு பார்த்த விரல்கள். பாகு பதம், எண்ணெய்ப் பதம், சோற்றுப் பதம், எதிலும் அவை ஏமாந்ததில்லை. இந்தக் கை சரியில்லை என்று அவை சொல்லின.

முகத்தைப் பார்த்தார். நெற்றி, மேலுதடு, கழுத்து எல்லாம் முத்து முத்தாக வேர்வை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, விழுங்கி விழுங்கிப் பார்க்கிறாள். மூச்சு சின்னச் சின்னதாக ஓடுகிறது. வலது கையில் ரெண்டு கண்ணாடி வளையல், ஒன்று உடைந்திருந்தது.

"புளி..." என்றார் சாமி. சத்தமாகவே சொல்லிவிட்டார்.

பந்தலில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். இதுவரை மந்திரத்தில் ஒரு எழுத்துக்கூட வெளியே கேட்டதில்லை.

"என்ன சாமி?"

இசக்கிப்பாண்டி கைகூப்பியபடி எதிரே நின்றான். அந்தக் கூப்பிய கைக்காகத்தான் தவசிமுத்து ஒன்பது வருஷம் காத்துக்கிடந்தார். நிறுத்தினால் எல்லாம் போச்சு. உப்பள்ளிக் கொட்டுனவர் என்பதைவிடக் கேவலமான பேர் வரும். இன்னும் பெருங்காயமும் தாளிப்பும்தான் பாக்கி, முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. வெட்கம் அப்படித்தான் பேசும்.

பேச்சித்தாய் குனிந்து அவர் மடியிலேயே வாந்தி எடுத்தாள்.

"எந்திரி!" என்று கத்தினார் தவசிமுத்து. "தூக்குங்க! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"மந்திரத்த முடிங்க சாமி. பாதியில விட்டா..."

"எனக்கு மந்திரம் தெரியாதுய்யா!"

கூப்பியிருந்த கைகள் பிரிந்தன.

"அப்ப இவ்வளவு நேரம் சொன்னது?" என்றான் இசக்கிப்பாண்டி.

"சாம்பாரு."

"சாம்பாரா?"

"ஆமா, சாம்பாரு! அடிக்கிறதா இருந்தா பொறவு அடி. இப்ப ஓடிப்போய் டெம்போவக் கொண்டா!"

அவன் சூளைக்கு ஓடினான். டெம்போ நின்றது, டிரைவர் இல்லை. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ் எப்போது வரும் என்று பந்தலில் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிஷம் தவசிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. கையை விடாமல் உட்கார்ந்து, "தாயி, கண்ணைத் திற, என்னைப் பாரு, என்னைத் திட்டு" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். செல்போன் வராத காலம் வேறு. கடைசியில் டிரைவர், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், பிள்ளையார் கோயில் பக்கமிருந்து ஓடி வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் அந்தக் கையை விடவில்லை.

அங்கே ஒரு பெண் டாக்டர். பார்த்ததுமே கட்டிலில் சாய்வாக உட்கார வைத்து, மூச்சுக்கு மாஸ்க் மாட்டி, மாத்திரை கொடுக்கச் சொன்னார். பெரிய கருந்தேளைவிட இந்தச் சின்னச் செந்தேள்தான் ஆபத்து என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"கொட்டி எவ்வளவு நேரம் ஆச்சு? எப்ப வேர்க்க ஆரம்பிச்சது?"

இசக்கிப்பாண்டி தவசிமுத்துவைப் பார்த்தான்.

"கொட்டி முக்கால் மணி இருக்கும்மா," என்றார் தவசிமுத்து. "வெங்காயம் போடும்போது வேர்வை. தக்காளிக்குக் கை ஜில்லுன்னு ஆயிருச்சு. புளி ஊத்தப் போகையில வாந்தி."

டாக்டர் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரு?"

"சமையக்காரன்," என்றார் தவசிமுத்து.

ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள். விடிந்தபோது பேச்சித்தாய் கையில் சூடு திரும்பியிருந்தது. அவர் தொட்டுப் பார்த்தார். இட்லி வெந்த பதம் தெரிந்த மாதிரி அவருக்கு நிம்மதி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

செம்பாறைக்குத் திரும்பும்போது ஊர் தயாராக இருந்தது. "சாம்பார் சாமி வாராரு, சாம்பார் சாமி!" என்றார்கள் டீக்கடையில். ஒருவர், வடைக்கு ஏதாவது மந்திரம் உண்டா என்று கேட்டார். தவசிமுத்து நிற்காமல் நடந்தார். மடத்துக்குப் போய்க் கரண்டியையும் ரெண்டு வேட்டியையும் மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார். நோட்டை அடுப்பில் போட்டார்.

பந்தலைத் தாண்டுவதற்குள் அம்மா வந்துவிட்டார். கையில் வளைகாப்பு வீட்டுப் பலகாரம்.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணாச்சி?"

"போறேம்மா. நான் இங்க இருக்க லாயக்கில்லாதவன்." எல்லாவற்றையும் சொன்னார். பலகையில் உட்கார்ந்தது, அவியல், நூறு இலை, ஒன்றும் மறைக்கவில்லை.

அம்மா பலகாரப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையில கடி?"

"வலது கையிலம்மா. ஆள்காட்டி விரல்ல. ரெண்டு வளையல் போட்டிருந்தா, ஒண்ணு ஒடஞ்சது."

"உள்ளங்கை?"

"ஜில்லுன்னு இருந்துச்சு. உச்சி வெயில்ல."

"மந்திரம் எது வரைக்கும் போச்சு?"

"புளி வரைக்கும். அதோட நிறுத்திட்டேன்."

"போய்க் குளிச்சிட்டு வாங்க. சொல்லித் தாரேன்."

தவசிமுத்துவுக்குக் காதை நம்ப முடியவில்லை. மஞ்சள் பையைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினார். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஈர வேட்டியோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அம்மா அவர் காதருகே குனிந்தார். ஒன்பது வருஷம் காத்திருந்த காது.

"ஏழே காலுக்கு டவுன் பஸ்."

தவசிமுத்து கண்ணைத் திறக்கவில்லை. பீடிகையாக இருக்கும் என்று நினைத்தார்.

"எட்டு அம்பதுக்கு மினி பஸ். அது ஊரெல்லாம் சுத்திட்டுப் போகும், அவசரத்துக்கு ஆகாது. பத்தரைக்குத் திரும்ப டவுன் பஸ்."

"பொறவு?"

"அதை விட்டா ஒண்ணே முக்கால் வரைக்கும் ஒண்ணும் கிடையாது. சூளை டெம்போதான்."

இப்போது கண்ணைத் திறந்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது? ஒன்பது வருஷமா நீங்க முணுமுணுத்தது பஸ் டைமா?"

"ஆமா. அதுலயும் நாலு தடவ மாத்திட்டான். ஒவ்வொரு தடவையும் புதுசா மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கு."

"ஊரே மந்திரம்னு நம்பிட்டு இருக்கு!"

"நான் மந்திரம்னு என்னைக்குச் சொன்னேன்? வாய் சும்மா இருந்தா யாரு அரை மணி நேரம் கையைக் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்க, சொல்லுங்க. இன்னும் முடியல, கேளுங்க. டெம்போ டிரைவர் பன்னெண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போயிருவான். வீடு பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால, பச்சைக் கதவு."

தவசிமுத்துவுக்கு டெம்போவுக்காகக் காத்திருந்த அந்தப் பத்து நிமிஷம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடினார்.

"திரும்பச் சொல்லுங்கம்மா," என்றார். "பச்சைக் கதவுல இருந்து."

அம்மா திரும்பச் சொன்னார். அவர் கூடவே சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போது பந்தலில் சத்தம் கேட்டது. மாடக்கண்ணு. இந்தத் தடவை மற்றக் கையை உதறிக்கொண்டு நின்றார்.

"திரும்பவும் கொட்டிருச்சு! சாம்பார் சாமி இருக்காரா?"

"அது வெறும் சாம்பாருன்னு உமக்குத் தெரியாதா?" என்றார் தவசிமுத்து. "ஊரே சிரிக்குதே."

"தெரியும், தெரியும். எனக்கு அதுலதான வலி இறங்குச்சு? அதையே சொல்லுங்க, வலி உயிர் போகுது!"

அம்மா பலகையைத் தவசிமுத்து பக்கம் தள்ளினார். அவர் அதில் உட்காரவில்லை. தரையில், மாடக்கண்ணுவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கடிபட்டது இடது கை. கட்டைவிரல். உள்ளங்கையைத் தொட்டார். சூடாக இருந்தது. முகத்தைப் பார்த்தார். வெளியே வெயிலைப் பார்த்தார். மணி பத்தாகப் போகிறது, பத்தரை பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது.

அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, இப்ப எதைச் சொல்ல? பஸ்ஸு இன்னும் சரியா வாயில நிக்கல. சாம்பாரும் சிரிப்பாச் சிரிச்சுப் போச்சு."

பாறையம்மா பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"சாம்பாரோ ரசமோ, அது உங்க இஷ்டம் அண்ணாச்சி. கையை மட்டும் விட்டுராதீங்க."